ஒரு வரி, ஒரு குழல்

காலை பிரேயரில் தமிழ் ஐயா, பேச்சு மன்றம் தொடங்கப்போவதாகச் சொன்னார். "சேர விரும்புகிறவர்கள்" என்று அவர் மூச்சு வாங்குவதற்குள் என் கை மேலே போய்விட்டது. ஏழாம் வகுப்பில் எனக்கு எதற்கும் கைதான் முதலில் போகும், யோசனை பின்னால் வரும். மன்றத்துக்குத் தலைவியாகலாம், விருதுநகர் போட்டிக்கு ரயிலில் போகலாம் என்பதெல்லாம் கையை இறக்கிய பிறகு தோன்றியவை.

முதல் வெள்ளிக்கிழமை மழைநீர் சேமிப்பு பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். நாற்பது நொடியில் முடித்து உட்கார்ந்துவிட்டேன். ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த வெள்ளியும் இப்படின்னா பேரை அடிச்சிருவேன்."

அன்று மாலை சித்தி வழக்கம்போல மெயின் ரோட்டில் பட்டாசுக் கம்பெனி வண்டியை விட்டு இறங்கி, மூன்று கிலோமீட்டர் நடந்து வந்து, வெடிக்கான காகிதக் குழல் உருட்ட உட்கார்ந்தார். தாளில் பசை தடவி, கம்பியில் சுற்றி, பலகையில் உருட்டி உருவினால் ஒரு குழல். நான் எதிரே நின்று ஒப்பித்தேன்.

"ஏ புள்ள, பஸ்ஸைப் பிடிக்கவா ஓடுத? நான் ஒரு குழலை உருவுற வரைக்கும் அடுத்த வரியை எடுக்காத."

ஒரு வாரம் அப்படியே போனது. ஒரு வரி, ஒரு குழல். நான் வரியை மாற்றினால்கூட சித்தி கண்டுபிடித்தார். "நேத்து கூரையைச் சொல்லிட்டுத்தான தொட்டிக்குப் போன?"

அடுத்த வெள்ளி. முதல் வரியைச் சொன்னேன். என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே காற்றில் ஒரு குழலை உருட்டி உருவின. வகுப்பில் குழல் உருட்டாத வீடே கிடையாது. முன்வரிசையில் ஒருவன் "ரெண்டு... மூணு..." என்று எண்ண, மொத்த வகுப்பும் சேர்ந்துகொண்டது. நிறுத்தினால் பெயர் போய்விடும். நான் நிறுத்தவில்லை.

மூன்று நிமிடம் பத்து நொடி. ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேரு இருக்கட்டும். கையை மட்டும் வீட்ல வச்சிட்டு வா."

மாலையில் சித்தி அதைக் கேட்டுச் சிரித்து, கையால் வாயைப் பொத்தியதில் மூக்கில் பசை ஒட்டியது. பிறகு கையைக் கழுவிவிட்டு எழுந்து நின்றார்.

"நீ இங்கன உக்காரு. நம்ம தெரு வரைக்கும் வண்டி வரணும்னு திங்கக்கிழமை மேனேஜர்ட்ட கேக்கணும். பொம்பளைக எல்லாரும் என்னையவே பேசச் சொல்லிட்டாக. ஒரு மூணு நிமிசம் கேப்பீகளா?"

என்னிடமா 'கேப்பீகளா' என்று எனக்கு ஒரே சிரிப்பு. அந்த வாரம் முழுவதும் அந்த வீட்டில் இரண்டு பேர் பேசப் பழகிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தலைவியைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, "கையைப் பின்னால கட்டிக்கோங்க சித்தி" என்றேன்.

கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.