அம்மாவுக்குப் பதிலாகச் சித்தி

போன மாதம் ஆண்டர்சன்பேட்டை சர்ச் ஹாலில் டாக்டரம்மாவுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். புற்றுநோய் என்ற பேரை வாய்விட்டுச் சொல்லவே பயந்த காலத்தில், பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்து எங்கள் பெண்களைத் தொட்டுப் பார்த்த முதல் டாக்டர் அவர். மேடையில் பேசியவர்கள் அவர் வாங்கிய விருதுகளை வரிசையாகச் சொன்னார்கள். முன்வரிசையில் என் சித்தி உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. எனக்குத் தெரிந்த கதைக்கு மேடை சரிப்படாது.

அப்போது நாங்கள் சாம்பியன் ரீப்ஸில் லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை; வீடும் கம்பெனி கொடுத்ததுதான். எங்கள் லைனில் பேய் பிசாசுக்கெல்லாம் யாரும் பயப்பட்டதில்லை. 'அன்ஃபிட்' என்ற ஒரு சொல்லுக்குத்தான் பயம். டாக்டர் அப்படி எழுதிவிட்டால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் அப்பாவின் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கக் கூப்பிட்டபோது, அப்பாவின் பேரைச் சொல்லிக்கொண்டு மாமா போய் நின்றார். அம்மாவின் அண்ணனான அவர் பஜாரில் மூட்டை தூக்குகிறவர். நெஞ்சு கதவு மாதிரி இருக்கும். நுரையீரல் பிரமாதம் என்று சொல்லி அனுப்பினார்களாம். அன்றைக்கு வீட்டில் மட்டன் குழம்பு. அப்பா இருமி இருமிச் சிரித்தார். எனக்கும் அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் ஆயா. டாக்டரம்மா நடத்தும் முகாமுக்கு ஆயாக்கள் எல்லோரும் போயே ஆக வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பாவின் உடம்பை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அவளும் அன்ஃபிட் ஆகிவிட்டால் நாங்கள் தெருவில்தான் நிற்க வேண்டும். மாமாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வைத்தியம்.

"இதுக்குப் போய் இன்னாத்துக்கு அழுவுற? சின்னவளை அனுப்பு. அவளுக்கு இன்னா, கல்லு மாதிரி கீறா," என்றார்.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமாகாமல் எங்களோடுதான் இருந்தாள். அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் பேரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி போனாள். நல்ல சேதி வருமுன்பே மாமா மட்டன் வாங்கி வந்துவிட்டார்.

சித்தி திரும்பி வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் இருக்குதாம்க்கா. பட்டாணி அளவுதானாம். உடனே பெங்களூருக்கு வரணும்ன்றாங்க."

மட்டனை யாரும் தொடவில்லை. பெங்களூருக்குப் போனால் குட்டு உடைந்துவிடும் என்று, பெரியவர்கள் சாமி மேல் பாரத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். இப்போது நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆனால் அந்த வீடும் போயிருந்தால் எங்கே போயிருப்போம் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த முகாமுக்குச் சித்தி போகவில்லை. டாக்டரம்மாவே தேடிக்கொண்டு வந்துவிட்டார். சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டைச் சுற்றி நடந்து வந்ததில் புடவைக் கரையெல்லாம் புழுதி. வாசலில் நின்று அம்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். தன் பேர் காதில் விழுந்ததும் அம்மா யோசிக்காமல் வெளியே வந்தாள்.

"நீங்க இல்லியே," என்றார் டாக்டரம்மா. பிறகு அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற சித்தியைப் பார்த்தார். அவர் கோபப்படுவார் என்றுதான் எல்லோரும் நின்றோம்.

"ஓ, அக்காவுக்கும் இருக்குதா? உள்ள வாங்கம்மா, பாக்கறேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

மறுநாளே இரண்டு பேரையும் தன்னோடு அழைத்துக்கொண்டு போனார். நான் அழுத அழுகையில் என்னையும் கூட்டிப் போனார்கள். பங்காருபேட்டையில் ரயில் மாறும்போது அம்மா எனக்கு வடை வாங்கித் தந்தாள். ஆஸ்பத்திரியில் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். சித்தியிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினார்.

"உனக்கு ஆபரேஷன் பண்ணணும். அப்புறம் மருந்து ஏத்துவோம். முடி கொட்டும், வாந்தி வரும். ஒரு தடவைகூட வராம இருக்கக் கூடாது."

அம்மாவிடம் பேசும்போது மட்டும் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு அதெல்லாம் வேணாம்மா. மாத்திரை தர்றேன். வலி தெரியாம நான் பாத்துக்கறேன்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். மாதாமாதம் முகாமுக்குப் போகுமுன் மாத்திரையோடு எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வருவார். விருதுகளைப் பற்றிப் பேசியவர்களுக்கு அது தெரியாது. அம்மா வலியில் கத்தி நான் கேட்டதே இல்லை, கடைசி நாள் வரை.

ஆனால் அன்றைக்கு எனக்கு வயது ஏழு. சித்தியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அம்மாவும் நானும் ஊர் திரும்பினோம். லைனுக்குள் நுழைந்ததுமே அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினேன்.

"எங்கம்மாவுக்கு ஆபரேஷனே வேணாமாம்! மாத்திரையே போதுமாம்!"

குழாயடியில் நின்ற பெண்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. பொறாமை பிடித்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஜெபத்தில் முழங்கால் போட்டுச் சித்திக்காக மாதாவிடம் நெடுநேரம் வேண்டினேன். பாவம், பெரிய வியாதி அவளுக்குத்தானே. அம்மாவுக்காக எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "ஆமாம் கண்ணு, சித்திக்காக நல்லா வேண்டிக்கோ," என்றாள்.