வீடு கட்ட வேண்டாம் என்று எழுதியவர்

எங்கள் கிழக்குக் கரையில் கவிஞர்களுக்குக் குறைவில்லை. கல்முனைச் சந்தையில் மீன் வாங்கப் போனால் பக்கத்தில் நிற்பவர் எப்படியும் ஒரு கவிஞராக இருப்பார். கையில் பை கொண்டுவர மறந்திருந்தாலும் கவிதையை மறந்திருக்கமாட்டார். அவர்களைப் பேட்டி காண ஆட்களும் தாராளமாக இருக்கிறார்கள். பொருளாதாரம், வியாபாரம், சேமிப்பு என்று புத்தகம் எழுதுகிறவர்களைத்தான் யாரும் கூப்பிட்டுக் கதைப்பதில்லை. வங்கியில் வேலை செய்கிறவள் என்பதால் அந்தப் பொறுப்பை நானே தலையில் போட்டுக்கொண்டேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஓர் எழுத்தாளரைத் தேடிப் போவேன். கதைத்ததை யூடியூப்பில் போடுவேன். ஒளிப்பதிவு என் கணவர். போனை ஆடாமல் பிடிக்கத் தெரியும் என்பதுதான் அவருடைய தகுதி.

இந்த எழுத்தாளர்கள் ஒரு தனி ரகம். நேரத்தைத் திட்டமிடுவது பற்றி எழுதியவர் எங்களைக் காலையில் வரச் சொல்லிவிட்டு, தான் பின்னேரம் அசர் தொழுகை முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். கடன் இல்லாமல் கடை நடத்துவது எப்படி என்று எழுதியவர், பேட்டி முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, எங்கள் வங்கியில் கடன் எடுக்க என்னென்ன கடதாசி வேண்டும் என்று விசாரித்தார். அறுகம்பேயில் விடுதி நடத்தும் ஒருவர், வாடிக்கையாளரின் மனதை எப்படி வெல்வது என்று அழகாக விளக்கிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு வெள்ளைக்காரன் துவாய் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான். இவர்களை நான் கேலி செய்வதாக என் கணவர் குறைபடுவார். உண்மையில் எனக்கு இவர்களை மிகவும் பிடிக்கும். தன்னால் முடியாததை மற்றவனாவது செய்யட்டும் என்று உட்கார்ந்து எழுதுவதற்கும் ஒரு நல்ல மனம் வேண்டுமல்லவா?

அப்படித்தான் ஒருமுறை, ஊரே ‘சேர்’ என்று கூப்பிடும் ஓர் ஆசிரியரைத் தேடிப் போனோம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சந்தையின் கேள்வி, நிரம்பல் என்ற பொருளியல் சொற்களையே ஊரில் பாதிப்பேர் அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டிருப்பார்கள். அவருடைய புத்தகம் வந்த நாளிலிருந்து ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. அவர் கைவைத்த இடம் அப்படிப்பட்டது.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பையோடு வந்து அந்த வீட்டில் குடியேறுவார். மகள் பிறந்துவிட்டால் தகப்பன் வீட்டு வளவுக்குள் கல்லும் மண்ணும் கொண்டுவந்து பறிக்கத் தொடங்கிவிடுவார். சகோதரன்மார் கட்டாருக்கும் சவூதிக்கும் போய் வெயிலில் காய்வதும் அந்தக் கல்லுக்கும் மண்ணுக்கும்தான். சேர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். இந்தக் கரையில் உழைக்கும் காசெல்லாம் சுவராகி நின்றுவிடுகிறது, அது கடையாகவோ ஆலையாகவோ மாறியிருந்தால் நாம் எங்கேயோ போயிருப்போம் என்று எழுதினார். மகளுக்கு வீடு கட்டாதீர்கள், தொழில் செய்ய முதலாகக் காசு கொடுங்கள் என்றார். ‘செங்கல்லுக்குள் தூங்கும் காசு’ என்று ஓர் அத்தியாயமே வைத்திருந்தார்.

வெளியீட்டு விழாவுக்கு நானும் போயிருந்தேன். முதற்பிரதி வாங்குவது எங்கள் ஊரில் பெரிய மரியாதை. வாங்குகிறவர் காசு வைத்த கடித உறையைக் கொஞ்சம் கனமாகக் கொடுக்க வேண்டும் என்பதால் வசதியான முதலாளியாகத் தேடிப் பிடிப்பார்கள். சேருக்கு அகப்பட்டவர் ஹாட்வெயார் கடை முதலாளி. சீமெந்தும் கம்பியும் விற்கிறவர். பாவம், புத்தகத்தை அவர் பார்த்ததே மேடையில்தான். “ஊடு கட்டுற ஒவ்வொருத்தர்ர கையிலயும் இரிக்க வேண்டிய புத்தகம்” என்று வாழ்த்திவிட்டு இறங்கினார். சபை கைதட்டியது. சேரும் தட்டினார்.

வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவர் சொல்லும் அந்தத் தூங்கும் காசுக்குள்தான் நானும் தூங்குகிறேன். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் பையைத் தூக்க வேண்டியவர் என் கணவரே தவிர நான் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இங்கே எத்தனையோ பெண்கள் வாய் திறந்து கதைக்கிறோம். ஆனால் என் வாப்பா அந்த வீட்டுக்காக மாவடிப்பள்ளியில் இருந்த வயலை விற்றதும் எனக்குத் தெரியும். ஆகவே சேர் சொல்வது முழுப் பிழை என்று சொல்லவும் வாய் வரவில்லை. என் கணவருக்கு அப்படி எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டு, “மனிசன் சரியாத்தான் எழுதியிருக்காரு” என்றார்.

“அப்ப பைய எடுங்க” என்றேன். அதன் பிறகு அவர் அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

சேர் வீட்டுக்குப் போனபோது, புத்தக அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டு ஆயத்தமாக இருந்தார். வெளிச்சம் காணாது என்று என் கணவர் ஜன்னல் சீலையை விலக்கப் போனார்.

“அது கிடக்கட்டும் தம்பி, வெயில் கண்ணுல குத்தும்” என்றார் சேர்.

என் கணவர் என்றைக்கு ஒருவர் சொல்வதைக் கேட்டிருக்கிறார்? விலக்கிவிட்டார். பின்வளவில், ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன ஒரு வீடு தெரிந்தது. கம்பிகளில் துரு ஏறியிருந்தது. மண்டபமாக வரவேண்டிய இடத்தில் கயிறு கட்டி உடுப்புக் காயப் போட்டிருந்தார்கள்.

சேர் நன்றாகத்தான் கதைத்தார். வகுப்பில் நின்று பழகிய குரல். தேவையான இடத்தில் ஏறி, தேவையான இடத்தில் இறங்கியது. அவர் மூச்சு விட்ட இடத்தில் நான் புகுந்தேன்.

“முன்னால ரோட்டுக் கரையில நிக்கிற மாடி ஊடு யார்ர சேர்?”

“அது மூத்த மகள்ர.”

“அதுக்குள்ளயும் காசு தூங்குதா சேர்?”

சிரித்தார். “அது புத்தகம் எழுத முந்திக் கட்டின, தங்கச்சி.”

“அப்ப பின்னால நிக்கிறது?”

“அது இளையவளுக்குத் தொடங்கின. பிறகுதான் எனக்கு விளங்கின. நாம எழுதினத நாமளே செய்யாட்டி ஊர் செய்யுமா? நிப்பாட்டிட்டன்.”

சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. போனுக்குப் பின்னால் என் கணவர் பயபக்தியோடு தலையாட்டினார். மூத்தவளுக்கு வீடு, இளையவளுக்குக் கொள்கை என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து இளையவள் தேத்தண்ணியும் தின்னத் தொதல் துண்டுகளும் கொண்டுவந்தாள். கல்முனையில் ஒரு கடையில் கணக்கு வேலை செய்கிறவள். அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்து, மாப்பிள்ளை வீட்டார் பின்வளவைப் பார்த்துவிட்டுப் போனதோடு பேச்சு நின்றுவிட்டது என்று நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது.

“வாப்பாட புத்தகத்த வாசிச்சயா மகள்?”

“ஓம் மாமி. ரெண்டு மூணு தரம் வாசிச்சிட்டன்.”

சேரின் முகம் மலர்ந்தது. மலராமல் என்ன செய்யும்? நான் பார்த்த வரையில், எழுத்தாளர் வீடுகளில் அவர்களுடைய புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்ப்பது பூச்சிகள் மட்டும்தான்.

“எப்பிடி இரிக்கி?”

“எல்லாம் சரி மாமி. ஒண்டுதான் விளங்கல்ல.” அவள் வாப்பாவின் பக்கம் திரும்பினாள். “இத்தன வருசமாப் பொருளியல் படிப்பிச்சீங்களே வாப்பா, ராத்தாட ஊடும் முடிஞ்சி அவட கலியாணமும் முடிஞ்சதுக்குப் பொறகுதானா ஒங்களுக்கு இது விளங்கின?”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் கணவரும் சிரித்ததில் போன் ஆடியது. சேர் மட்டும் சிரிக்கவில்லை.

“அத நிப்பாட்டுங்க தம்பி” என்றார். என் கணவர் நிறுத்தி, போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு நடந்தது எந்தப் பதிவிலும் இல்லை. எழுதலாமா என்று நான் பின்னர் கேட்டபோது, பெயர் போடாமல் எழுதுங்கள் என்று வாப்பாவும் மகளும் சம்மதித்தார்கள்.

அவள் விடவில்லை. “ஊட்டுக்குப் பதிலா தொழிலுக்கு முதல் குடுக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கீங்க. எனக்கு அதுவும் தரல்லயே வாப்பா.”

சேர் தேத்தண்ணிக் கோப்பையை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார்.

“காசு முடிஞ்சி மகள்” என்றார். வகுப்பில் கேட்ட குரல் இல்லை அது. “ராத்தாட ஊட்டயே கடன்பட்டுத்தான் முடிச்ச. சீமெந்து வில ஏறின நேரம் இருந்ததும் போச்சி. லிண்டலுக்கு மேல ஒரு கல்லு வைக்க ஏலாமப் போயிட்டு. அத உன்ட முகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு ஏலல்ல. அதுக்குத்தான் இரிந்து எழுதத் தொடங்கின. எழுத எழுத எனக்கே அது சரியாப் பட்டுட்டு.”

எத்தனையோ எழுத்தாளர்களிடம் ஏன் எழுதினீர்கள் என்று கேட்டிருக்கிறேன். சமூகத்துக்காக என்பார்கள், வருங்காலச் சந்ததிக்காக என்பார்கள். ஒரு வசனத்தைச் சொல்ல முடியாமல் ஒரு புத்தகமே எழுதிவிட்டவரை அன்றுதான் கண்டேன். அவரைச் சீண்டிப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். இப்போது அவர்மேல் பெரிய இரக்கம் வந்தது. வயலை விற்றுவிட்டு வந்த நாளில் என் வாப்பா எங்களிடம் எதைச் சொல்லாமல் விழுங்கினாரோ என்று நினைத்தேன்.

மகள் தட்டத்தோடு நின்றுகொண்டே இருந்தாள்.

“ஊடு பரவால்ல வாப்பா. நானும் உழைக்கிறன்தானே, மெல்ல மெல்லக் கட்டலாம்” என்றாள். அதுவரை திடமாக இருந்த குரல் அதற்குப் பிறகுதான் உடைந்தது. “ராத்தாவில இரிக்கிற விருப்பம் ஒங்களுக்கு என்னில இல்லயாக்கும் எண்டு நெனச்சித்தான் நான் அத வாசிச்ச. எந்தப் பக்கத்துல அது எழுதியிரிக்கி எண்டு தேடித் தேடி வாசிச்ச.”

சேர் எழுந்து, அவள் கையிலிருந்த தட்டத்தை வாங்கி மேசையில் வைத்தார்.

“அப்பிடி ஒரு பக்கம் இல்ல மகள்” என்றார்.