சத்தம் போடாத கார்

என் கணவர் பேய் பிசாசை நம்பாதவர். கணக்குப் படிப்பித்தவர் அல்லவா, நிறுவிக் காட்ட முடியாத எதையும் ஒத்துக்கொள்ளமாட்டார். ஆவியாய் உலாவுவதற்கு ஒருவர் செத்திருக்க வேண்டியதில்லை என்பதை அவரோடு வாழ்ந்துதான் நான் அறிந்தேன்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. பின்பக்கத்தில் எஞ்சின் வைத்த, முதுகு வளைந்த பழைய ஜெர்மன் கார். மற்றக் கார்களுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதன் எஞ்சினைக் காற்றே குளிர்த்திவிடும். "தண்ணி கேளாத சீவன், யாழ்ப்பாணத்துக்கெண்டே செய்து விட்டிருக்கிறாங்கள்" என்று பெருமையடிப்பார். கலியாணமாகி வந்த புதிதில், அந்தக் கார்தான் மூத்த தாரம், நான் இளைய தாரம் என்று எனக்குத் தெளிவாய் விளங்கிவிட்டது.

அது அறுபதுகள். கார்ப் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வட்டுக்கோட்டைப் பக்கத்து வயல்வெளியில் வருஷத்துக்கு ஒருமுறை போட்டி நடக்கும். தார்ப் பீப்பாக்களை அங்கங்கே நிறுத்தி வைத்து, ஒவ்வொரு காராக விடுவார்கள். பீப்பாவில் முட்டாமல் வளைந்து வளைந்து ஓட்டிக் குறைந்த நேரத்தில் திரும்பி வருபவருக்கு ஒரு பித்தளைக் கிண்ணம். வீட்டில் புளி கரைக்கக்கூட உதவாத கிண்ணம். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும், நானும் போய் வெயிலில் நிற்பேன்.

ஒரு வருஷம் எஞ்சின்களின் இரைச்சல் தாங்காமல் ஊர் மாடுகள் கட்டறுத்துக்கொண்டு ஓடிவிட்டன. சனம் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் முறையிட, அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். "சத்தமில்லாமல் ஓடுறதெண்டால் ஓடுங்கோ. இல்லாட்டி வீட்டை போங்கோ" என்றார். புகைக்குழாய்ச் சட்டங்கள் அதன் பிறகு வந்தவைதான்.

அந்தச் சட்டங்களை எழுதியவர் சங்கத் தலைவர், கோட்டில் வழக்குப் பேசும் ஒரு புரக்டர். காரோடு வந்த சைலன்சரைக் கழற்றக்கூடாது. வேறு காரினுடையதைப் பூட்டக்கூடாது. குழாயை வெட்டிக் குறுக்கக்கூடாது. எல்லாம் சரி, சத்தத்தை எதனால் அளப்பது? புரக்டர் ஒரு கதிரையில் இருந்து, மடியில் ட்ரான்சிஸ்டர் ரேடியோவை வைத்துக்கொள்வார். அவருக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி எஞ்சினை உறும விடுவார்கள். ரேடியோவில் வாசிக்கிற செய்தி ஒரு சொல்லும் தப்பாமல் அவருக்கு விளங்கினால் கார் பாஸ். விளங்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

எங்கள் கார் ஒரு சொல்லையும் விளங்கவிடாது. சைலன்சர் உக்கிப்போயிருந்தது. வெளிநாட்டுச் சாமான் கொழும்பிலும் அகப்படாத காலம் அது. என் கணவரைப் போல மாட்டுப்பட்ட மற்றவர்கள் அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தேங்காய் மட்டைத் தும்பைக் களிமண்ணில் குழைத்து உருட்டிக் குழாய்க்குள் இடித்து அடைத்துவிடுவது. எதைக் கழற்றக்கூடாது என்று சட்டத்தில் இருந்தது, எதை அடைக்கக்கூடாது என்று இல்லை. சட்டம் எழுதிய புரக்டரே தன் காருக்கும் தும்பு அடைத்திருந்தார். படித்த மனிதர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து தும்பு உருட்டியதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. மெத்தைக்குத் தும்பு, கயிற்றுக்குத் தும்பு, இனிக் காருக்கும் தும்பா என்று, எங்கள் காருக்குத் தும்பு உருட்டிக்கொண்டிருந்த என் கணவரைக் கேட்டேன். அவரும் சிரித்தார்.

மற்றவர்களின் கார்களுக்கு அதனால் ஒரு கேடும் வரவில்லை. எங்கள் கார் குளிர் நாட்டுக்காகச் செய்த கார். எஞ்சினின் சூட்டை இரண்டு குழாய்கள் உள்ளே இருப்பவர்களின் காலடிக்குக் கொண்டுவந்து விடும். யாழ்ப்பாணத்தில் யாருக்குச் சூடு வேண்டும்? அதைத் திறந்து மூடுகிற திருகை யாருமே தொட்டதில்லை. திறந்தபடியே துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. வெளியே போகும் வழியை அடைத்துவிட்டால் புகை இந்த வழியால் உள்ளே வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போட்டி நாளன்று சோளகக் காற்று மண்ணை வாரி இறைத்தது. எங்கள் கார் சோதனையில் பாஸானது. "பூனை மாதிரி நிக்குது, மாஸ்ரர்" என்று புரக்டர் பாராட்ட, இவருக்கு வாயெல்லாம் பல். பிறகு வரிசையில் போய் நின்றார். சூடேறிய எஞ்சினை நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் வராது என்று ஓடவிட்டபடியே இருந்தார். மண்ணுக்காகக் கண்ணாடிகளை முழுதாய் ஏற்றியிருந்தார். நான் கை காட்டினேன், அவரும் காட்டினார்.

அவருடைய முறை வந்தது. கொடி விழுந்தது. கார் அசையவில்லை. எஞ்சின் நின்றுபோய்விட்டதென்று சனம் சிரித்தது. எஞ்சின் மெதுவாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் ஓடிப்போய்க் கண்ணாடிக்குள்ளே பார்த்தேன். தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தார். முகம் புது மாப்பிள்ளையின் முகம்போலச் சிவந்து செந்தளிப்பாய் இருந்தது. அப்படி அழகாய், அப்படி வடிவாய் அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இன்றைக்கும் என்னை உலுக்குவது அந்த வடிவுதான்.

சங்கத்தில் ஒரு டொக்டர் இருந்தபடியால் உயிர் தப்பியது. புகையின் நஞ்சு இரத்தத்தில் ஏறினால் முகம் அப்படித்தான் சிவக்கும் என்று பிறகு அவர்தான் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்துதான் வீட்டுக்கு வந்தார். சில கிழமைகள் எல்லாம் சரியாய்ப் போனது போலத்தான் இருந்தது. பிறகு கூட்டல் கழித்தலில் பிழை விட்டார். பள்ளிக்கூடம் போகும் வழி மறந்தது. ஒரு பின்னேரம் காற்று அடித்தபோது எழுந்து போய் யன்னலைச் சாத்திவிட்டு என்னைக் கேட்டார்: "இஞ்சரும், என்ரை முறை வந்திட்டுதோ?"

அடுத்த வருஷம் சங்கம் சட்டத்தில் ஒரு வரி கூட்டியது. குழாய்க்குள் எதையும் அடைக்கக்கூடாது, சூட்டுக் குழாய்கள் மூடியிருக்க வேண்டும் என்று. புரக்டர் வீட்டுக்கு வந்து அதை எனக்கு வாசித்துக் காட்டினார், நான் ஆறுதல் அடைவேன் என்று நினைத்து! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்த ஒரு வரிக்கு விலை என் மனிதர் என்று அவருக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். தேத்தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

காரை விற்றுவிட்டோம். ஆனால் சோளகம் தொடங்கினால் அவர் யன்னலைச் சாத்துவார், கதிரையில் நேராய் இருப்பார், கேட்பார். நான் சொல்வேன்: "இன்னும் இல்லை, முன்னுக்குக் கார் நிக்குது." அவர் பொறுமையாய்த் தலையாட்டுவார். அந்த அறைக்குள் போக எனக்குப் பயமாய் இருக்கும். மெல்லிய எஞ்சின் சத்தம் ஒன்று பட்டப்பகலில் எனக்கும் கேட்டதுண்டு. தெருவில் போய்ப் பார்த்தால் ஒன்றும் நிற்காது. இத்தனைக்கும் ஒரு பிடி எனக்கு இருந்தது. எங்கள் ஊரில் புருஷன் பெண்சாதியைக் கூப்பிடுகிற மாதிரி, என்னை அவர் அப்போதும் "இஞ்சரும்" என்றுதான் கூப்பிட்டார். வேறு எது போனாலும் போகட்டும், என்னைத் தெரிந்திருக்கிறது என்று அதைப் பற்றிக்கொண்டு கிடந்தேன்.

இப்படியே எண்பதுகளும் வந்தன. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். சினம் வேறு. அவர் கேட்டதும், "ஓம், வந்திட்டுது, போங்கோ!" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. எழுந்து வெள்ளைச் சேட்டை எடுத்துப் போட்டார். அவசரத்தில் பொத்தான்கள் மாறிப் பூட்டுப்பட்டன. எனக்கு மனம் கேட்கவில்லை. கிட்டப் போய் அவர் நெஞ்சில் கை வைத்துப் பொத்தானைக் கழற்றப் போனேன். அவர் என் கையை மெதுவாய் விலக்கினார். கூச்சத்தோடு, வெகு மரியாதையாய்ச் சொன்னார்:

"வேண்டாம் அக்கா. நான் கலியாணம் கட்டினவன். என்ரை மனிசி கண்டால் கவலைப்படுவா."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.