மடியில் ஒரு குடம்

ஆகாய விமானத்தில் பறந்திருக்கிறீர்களா? நான் பறந்துவிட்டேன்! போன வாரம், திருச்சியிலிருந்து கொழும்புக்கு — மடியில் ஒரு பித்தளைக் குடத்தோடு.

சிரிக்காதீர்கள். கொழும்பில் கடை வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தானே குழந்தையை உட்கார வைக்க வேண்டும்? கல்யாணமாகிப் போனதிலிருந்து எங்கள் வீட்டு ஆள் ஒருவரும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. "உங்க அண்ணன் வராட்டி எங்க பக்கத்து ஆளு மடியில வச்சுக் குத்திருவோம்" என்று மாமியார் சொல்லிவிட்டாராம். தங்கை அழுதபடி தகவல் அனுப்பியிருந்தாள். நானோ அறுவடையில் மாட்டிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் முகூர்த்தம் மறுநாள்! கப்பல் வழியாகப் போனால், மண்டபம் முகாமில் நோய்ச் சோதனை என்று டாக்டர் என் நாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே காது குத்தி முடிந்துவிடும். ஆகவே... விமானம்.

உத்தமபாளையத்தில் பஸ் ஏறும்போது ஆத்தா சீர்க் குடத்தைக் கையில் திணித்தாள். உள்ளே கழுத்து வரை மண்டை வெல்லம்.

"இம்புட்டுக் கனத்தையா ஆத்தா?"

"ஏலே, வெறுங்குடத்தோட போனா அங்கன என்ன பேசுவாக? வாய மூடிக்கிட்டுக் கொண்டு போ."

திருச்சியில் பெட்டியையும் குடத்தையும் தராசில் வைத்தார்கள். குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டும் சேர்ந்து போகாது சார். பாரம் அதிகம்."

இதற்கா அசருவேன்? கம்பம் பஸ்ஸில் கூரைமேல் ஏற்றினால்தான் லக்கேஜ். மடியில் வைத்துக்கொண்டால் கண்டக்டர் கண்டுகொள்ள மாட்டார். எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்! "குடத்தை மடியில வச்சுக்கிறேன்" என்றேன் மிடுக்காக.

"அப்படியா? குடத்தோட நீங்களும் தராசில ஏறுங்க."

ஆளையே நிறுக்கிறார்கள், ஐயா! ஏறினேன். முள் என் மானத்தை வாங்கியது. பின்னால் நின்ற வெள்ளைக்காரத் துரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"வெல்லத்தைக் கொட்டிடுங்களேன்" என்றார் குமாஸ்தா.

வெறுங்குடமா? ஆத்தாவின் முகம் கண்முன் வந்தது. வழியனுப்ப வந்த நண்பரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். பட்டு ஜிப்பா, சரிகை வேட்டி எல்லாம் ஊர் திரும்பின. நானும் குடமும் பறந்தோம்.

காதில் அடைக்கப் பஞ்சு தந்தார்கள், சப்ப பெப்பர்மின்ட் தந்தார்கள். விமானம் உறுமியதும் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். குமுளி மலை வளைவில்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை! பிறகு கீழே கடல்... நீலம், நீலம், நடுவே மணல் திட்டுகள். பயம் எங்கே போனதோ தெரியவில்லை. வெல்லத்தில் ஒரு துண்டு உடைத்துத் தின்றேன் — ஆத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

கொழும்பு! டிராம், ரிக்‌ஷா, துறைமுகம் நிறையக் கப்பல்கள்... அந்நிய தேசம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தால், டீக்கடைக்காரர் "அண்ணே, நமக்கு எந்தப் பக்கம்?" என்கிறார்.

வாசலில் தங்கை குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், 'ஓ'வென்று அழுதுவிட்டாள். மாமியாருக்கும் பூர்வீகம் எங்கள் ஊருக்குப் பக்கத்து அனுமந்தன்பட்டிதான். "பெட்டி எங்கன தம்பி?" என்றார். கதையைச் சொன்னேன்.

"அடி ஆத்தி! சீரைக் கொண்டாந்துட்டு வேட்டிய விட்டுட்டு வந்தாகளாம்!" வயிறு குலுங்கச் சிரித்தவர், தன் மகனின் புது வேட்டியை எடுத்து நீட்டினார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் என்னிடம் முகம் சுளிக்கவே இல்லை.

காலையில் குட்டிப் பெண் என் மடியில். ஊசி இறங்கியது; வீடே அதிர அலறினாள். ஒரு துண்டு வெல்லத்தை வாயில் வைத்தேன். கப்சிப்! அப்புறம் யார் கூப்பிட்டும் இறங்கவில்லை. எனக்குக் கால் மரத்துப்போனது, கண்ணும் கலங்கியது.

விமானக் கம்பெனிக்காரர் என்ன வேண்டுமானாலும் நிறுத்துக்கொள்ளட்டும். மடியில் இருப்பதற்குப் பாரம் கிடையாது — கம்பம் பஸ் கண்டக்டர் கட்சிதான் நான்!