உப்புக் கிணற்றுப் பேரினம்

எனக்குச் சித்திரை மாதம் பிடிக்காது. மாம்பழம், தேர் என்று ஊர் கொண்டாடட்டும். என்னுடைய பேரினம் உருகிப் போனது அந்த மாதத்தில்தான்.

நான் கல்லூரியில் நிலவியல் நடத்துபவள். கோட்டைப்பட்டினத்தில் ஒரு மீனவர் வீட்டில் போர்வெல் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். தண்ணீர் உப்புக் கரித்தது. அந்த வீட்டு அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, நான் குழாய் கக்கிய கருங்களிமண்ணைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தேன்.

"எங்க வயிறு எரியுது, நீங்க மண்ணைப் பாத்துச் சிரிக்கிறீங்களே டீச்சர்!"

வெட்கமாகப் போயிற்று. "இதுல புதுசா ஏதாச்சும் கெடைச்சா ஒங்க ஊரு பேரைத்தாங்க வைப்பேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கிடைக்கவும் செய்தது. கண்ணுக்குத் தெரியாத கடலுயிர் ஒன்று, காலம் கெட்டால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு அடிமண்ணில் உறங்கும். நல்ல காலம் வந்ததும் கூட்டில் ஒரு திறப்பு விட்டு வெளியேறிவிடும். மண்ணில் மக்காமல் புதைபடிவமாகிப்போன அந்தக் காலிக்கூடுதான் எங்கள் பிழைப்பு. பேரினத்தை, அதாவது ஜீனஸை, பிரிக்க முதலில் பார்ப்பது அந்தத் திறப்பைத்தான். என் கூட்டின் திறப்பு நான் படித்த எதிலும் இல்லாதது. மண் முழுவதையும் அமிலத்தில் கரைத்துத் தேடியும் முழுசாகத் தேறியது ஒன்றே ஒன்று. அதை நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டில் கிளிசரின் ஜெல்லி வைத்துப் பதித்தேன். புரட்டி மறுபக்கமும் பார்க்க வேண்டியிருந்ததால் ஜெல்லி வழியாமலிருக்க ஓரத்தை நகப்பூச்சால் அடைப்போமே, அதைச் செய்யவில்லை.

சித்திரை விடுமுறையில், கல்லூரியைத் தரம் பார்க்க ஆய்வுக் குழு வருகிறது என்று துறைக்கு வெள்ளையடித்தார்கள். எங்கள் உதவியாளருக்கு நேர்த்தி என்றால் உயிர். கண்ணாடிகள் படுத்துக் கிடந்த அட்டைத் தட்டுகளையெல்லாம் புத்தகம்போல நிமிர்த்தி, லேபிள் தெரிய அடுக்கிவிட்டார். பூட்டிய அறை, புதுக்கோட்டை வெயில். நான் வந்து திறந்தபோது ஜெல்லி வழிந்து அட்டையில் காய்ந்திருந்தது. அட்டையைச் சுரண்டிச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கூடு இல்லை. அவரைத் திட்ட மனம் வரவில்லை. குழு எங்கள் அறையின் சுத்தத்தை மெச்சிவிட்டுப் போயிற்று.

படம் இருக்கிறது, அளவு இருக்கிறது. ஆனால் பெயர் வைக்க ஆதாரமாக 'இதுதான் அது' என்று எடுத்துக்காட்ட ஒரு கூடு வேண்டும். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

மிச்சம் மண் இருக்குமா என்று மறுபடியும் கோட்டைப்பட்டினம் போனேன். கிணற்று வாயில் சிமெண்ட் பூசியிருந்தது.

"அந்த மண்ணுங்களா? ஒரு செடி மொளைக்கலை. இங்கிட்டுத்தாங்க கொட்டுனோம்" என்று அக்கா கரைக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டினார்.

அலை அதிகமில்லாத கடல். படகுகளுக்கு நடுவே தண்ணீர் கலங்கிக் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க ஊரு பேரு எப்பங்க வரும்? மகன்ட்டக்கூடச் சொல்லி வச்சிருக்கேன், சவுதியில."

"வரும்க்கா" என்றேன்.