எரிமலை அடிவாரத்தில் அக்கா

கட்டைபறிச்சானில் எங்கள் வீட்டையும் அப்பாவையும் கடல் கொண்டுபோன பிறகு, அம்மாவும் அக்காவும் நானும் துறைமுகப் பக்கத்து லிங்கநகருக்குக் குடிவந்தோம். அக்கா அதன்பின் கடலைப் பார்க்கவேயில்லை. பஸ்ஸிலும் கடல் தெரியாத பக்கமாகத்தான் உட்காருவாள். அந்த நாளைப் பற்றி அவள் வாயே திறந்ததில்லை. பிறகு சிசிலித் தீவில் வேலை செய்யும் ஒருவரைக் கல்யாணம் செய்து போய்விட்டாள்.

அவள் எடுத்த முதல் வீடியோ அழைப்பில், உடுப்புக் காயும் கொடிக்குப் பின்னால் ஒரு மலை புகைந்துகொண்டிருந்தது. எட்னா என்றாள். எரிமலை என்று விளங்கியதும் பயமில்லையோ என்று கேட்டேன்.

"இது சொல்லிப்போட்டுத்தான் வரும், தங்கச்சி. கடல் எங்களிட்ட ஒண்டும் சொல்லேல்லை."

வீடுகள் துப்புரவாக்கப் போகும் இடங்களில் அந்த மலையின் பழைய கதைகளைக் கேட்டுவந்து எனக்குச் சொல்வாள். நான் மத்தியானச் சாப்பாடு முடித்துப் பாயில் சாய்ந்தபடி கேட்பேன். ஒருமுறை மலை அடிப்பக்கத்தில் பிளந்து, நெருப்பாறு நகரத்து மதிலைத் தாண்டிக் கடலில் விழுந்ததாம். ஆறிய கறுப்புக் கல்லிலேயே சனங்கள் திரும்ப வீடு கட்டினார்களாம். இன்னொருமுறை அது மெல்ல மெல்ல வந்ததால், ஒரு கிராமத்துச் சனங்கள் கதவுகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்களாம். சில காலைகளில் சாம்பல் மட்டும் பெய்யும். குடை பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போவோம் என்றாள்.

கேட்டபடியே கண்ணயர்ந்துவிடுவேன். அரைத்தூக்கத்தில் அந்த நெருப்பாறு எங்கள் வாசல் படலையைக் கடந்து துறைமுகத்துக்குச் சத்தமில்லாமல் இறங்கும். சனங்கள் கதவுகளைச் சுமந்தபடி அவசரமில்லாமல் நடப்பார்கள். என் தோளிலும் ஒரு கதவு இருக்கும். அதற்குப் பாரமே இராது.

போன வருடம் அக்கா வந்தாள். கட்டைபறிச்சானில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, கடற்கரைக்குப் போவோம் என்று அவளே சொன்னாள். சித்தியும் பேரப்பிள்ளைகளும் கூட வந்தார்கள். கடல் வெளிறிப்போய் அசையாமல் கிடந்தது. அதற்கு முந்தி எப்போதாவது கடல் அன்றுபோல் ஊருக்குள் வந்ததா என்று அக்கா கேட்டாள். தெரியாது, யாரும் சொல்லவில்லை என்றார் சித்தி.

அக்கா மணலில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"முதல்ல முழங்காலளவு தண்ணிதான் வந்தது. நாங்கள் சிரிச்சனாங்கள். பிறகு கடல் கனதூரம் பின்னுக்குப் போச்சுது. அப்பிடிக் கண்டால் பார்த்துக்கொண்டு நிக்கக் கூடாது, ஓட வேணும்."

மலையின் கதைகளைச் சொன்ன அதே குரல். அப்பா வலையை எடுக்கத் திரும்பிப் போனதையும் சொன்னாள். அவள் அதைப் பார்த்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"நீங்கள் கூப்பிடேல்லையோ?" என்றாள் பிள்ளைகளில் சின்னவள்.

"கூப்பிட்டனான். அவருக்குக் கேக்கேல்லை."

அதன்பிறகு பிள்ளைகள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். திரும்பும்போது, பஸ் கிண்ணியாவை எட்டும் முன்பே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.