அமராவதிக்கு விழுந்த கைதட்டல்

மேடையில் யாருக்காவது சால்வை போர்த்துவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. வாங்கிக்கொள்கிறவர் மேல் ஒரு வருத்தமும் இல்லை. போர்த்துகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கூட மேடையில் நடந்த ஒரு காரியம்தான் அதற்குக் காரணம்.

சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கம்பெனிகளுக்கு வேண்டிய ஆட்களைப் பத்து வயதிலேயே தயாரித்துவிடுவது என்று எங்கள் பள்ளிக்கூடம் முடிவுகட்டியிருந்தது. வளாகத்துக்குள் தமிழ் பேசக் கூடாது. பேசி மாட்டிக்கொண்டால் கழுத்தில் ஒரு மஞ்சள் அட்டையைத் தொங்கவிடுவார்கள். 'நான் ஆங்கிலத்தில் பேசுவேன்' என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வேறு ஒருத்தி தமிழ் பேசி அகப்படும்வரை அது நம் கழுத்தில்தான். அதனால் அட்டை மாட்டியவள் நாள் முழுக்க அடுத்தவள் வாயையே பார்த்துக்கொண்டு திரிவாள். கீழே விழுந்து முட்டி பெயர்ந்தாலும் 'அம்மா' என்று கத்தாமலிருக்க நாங்கள் பழகியிருந்தோம். தமிழ் வகுப்பில் மட்டும் தமிழ் பேசலாம். அதுவும் புத்தகத்தில் இருக்கிற தமிழை.

அந்த வருஷம் அம்மாவின் தம்பி, என் மாமா, நியூசிலாந்திலிருந்து குடும்பத்தோடு வந்தார். அங்கே மாட்டு டாக்டராக இருந்தார். அவர் மகளுக்கு என் வயதுதான். அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஆனால் அவள் பேசியது அசல் உடுமலைப்பேட்டைத் தமிழ். ஊரை விட்டுப் போகும்போது கொண்டுபோனதை மாமா அப்படியே மகளிடம் இறக்கி வைத்திருந்தார். வந்து இறங்கியதும் என் அம்மாவிடம், "ஏனுங்கத்தை, நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை.

அவளிடம் இன்னொரு பாஷையும் இருந்தது. மாவோரி. அந்தத் தீவுகளில் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே வாழ்கிறவர்களின் பாஷை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கிறார்களாம். கியா ஓரா என்றால் வணக்கம். செடிக்கும் பறவைக்கும் அவள் ஒவ்வொரு வார்த்தை வைத்திருந்தாள்.

அம்மா பிறந்த ஊருக்குக் காரில் போனோம். உடுமலைப்பேட்டையைத் தாண்டியதும் கரண்டுக் கம்பியில் ஒரு கறுப்புப் பறவையைப் பார்த்துவிட்டு, "தூயி! தூயி!" என்று கூவினாள். மாமா வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பார்த்தவள் முகம் தொங்கிவிட்டது. "தூயிக்குக் கழுத்துல வெள்ளையா ரெண்டு குஞ்சம் தொங்கும். இது வேற. இதும் பேரென்னங்கத்தை?"

"கரிச்சான் கண்ணு. சின்னதுன்னு நெனைக்காத. காக்காயையே தொரத்தித் தொரத்திக் கொத்திப்போடும்."

அன்றைக்கு முழுவதும் அப்படித்தான் நடந்தது. தோட்டத்தில் வெற்றிலையைப் பார்த்ததும் கவாகவா என்றாள். அங்கேயும் அதே போல இதய வடிவத்தில் ஓர் இலை உண்டாம். புழு தின்று ஓட்டை விழுந்த இலையைத்தான் மருந்துக்குப் பறிப்பார்களாம். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இங்க ஓட்டை எலை குடுத்தா கடைக்காரரோட சண்டைக்கல்ல போவோம்!" வேலியோரத்துக் கத்தாழையைப் பார்த்ததும் ஹரகேகே என்றாள். அங்கே அதில் பாய் பின்னுவார்கள், கூடை முடைவார்கள். நடுக்குருத்து பிள்ளை, அதற்கு இரண்டு பக்கமும் நிற்பவை அப்பா அம்மா. அந்த மூன்றையும் விட்டுவிட்டு வெளி மடலைத்தான் அறுக்க வேண்டுமாம். அம்மா அதைத் திரும்பவும் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பதிலுக்கு அம்மாவும் வேலி நெடுகக் காட்டிக்கொண்டே வந்தாள்: கிளுவை, ஆவாரை, துத்தி, பிரண்டை. அம்மாவுக்கு இவ்வளவு பெயர் தெரியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். யாரும் அதுவரை கேட்டதில்லை.

சாயங்காலம் அமராவதி அணைக்குப் போனோம். தண்ணீரைப் பார்த்து நின்றவள் திடீரென்று முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "கோ ஆனைமலை தே மௌங்கா. கோ அமராவதி தே ஆவா."

மௌங்கா மலை, ஆவா ஆறு. மாவோரி வழக்கப்படி சபையில் எழுந்து நிற்பவர் தன் பெயரைச் சொல்வதற்கு முன்னால் தன் மலையையும் ஆற்றையும் சொல்ல வேண்டுமாம். உன் மலை எது, ஆறு எது என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்று டீச்சர் சொல்லியனுப்ப, மாமா கொடுத்தனுப்பிய மலையும் ஆறும் இவை.

"நல்ல மனுசங்களாட்ட இருக்குது," என்றாள் அம்மா. "பேரைக் கேக்கறதுக்கு முந்தி ஆத்தைக் கேக்கறாங்க பாரு."

இந்தப் பெருமையை அம்மாவால் வீட்டோடு வைத்துக்கொள்ள முடியவில்லை. என் வகுப்பு டீச்சரிடம் சொல்ல, அது பிரின்சிபால் காதுக்குப் போய், வெளிநாட்டுச் சிறுமி ஒருத்தி திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பேசப்போகிறாள் என்று ஏற்பாடாகிவிட்டது. அவளோ நானும் கூட நின்றால்தான் பேசுவேன் என்றாள். அவள் மாவோரிப் பெயரைச் சொல்ல, நான் நம் ஊர்ப் பெயரைச் சொல்வது. விருந்தாளியோடு மேடையில் நிற்கிறவளுக்கு அட்டை வராது என்று நம்பி, மொட்டை மாடியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். நான் தூக்கத்திலும் கிளுவை, துத்தி என்று உளறியதாக அம்மா சொன்னாள்.

திங்கட்கிழமை வந்தது. மைதானம் முழுக்கப் பிள்ளைகள். முன்வரிசையில் மாமாவும் அம்மாவும். அவள் மைக்கைப் பிடித்து, "கோ ஆனைமலை தே மௌங்கா. கோ அமராவதி தே ஆவா," என்றாள். பிரின்சிபால் எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து டீச்சர்களும், டீச்சர்களைப் பார்த்து நாங்களும். அமராவதிக்கு அப்படியொரு கைதட்டலை நான் கேட்டதேயில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தது நான் அல்லவா.

மைக் என் கைக்கு வந்தது. "எங்க மலை ஆனைமலைங்க. எங்க ஆறு அமராவதிங்க. எங்க ஊட்டு வேலியில இருக்கறது கிளுவைங்க..."

'ஊடு' என்றதும் எங்கோ ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு மைதானமே சிரித்தது. பிரின்சிபால் சிரித்த முகத்தோடு வந்து, "இன் இங்கிலீஷ், டியர்," என்றார். கிளுவைக்கு இங்கிலீஷில் என்ன? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆகவே நான், "கிளுவைங்க மேடம்," என்றேன். அதுவும் மைக்கிலேயே. அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கண்ணாலேயே வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டார். அவள் ஓடி வந்து எல்லோர் முன்னாலும் மஞ்சள் அட்டையை என் கழுத்தில் மாட்டினாள். அந்தச் சூட்டோடு மாமா மகளுக்குச் சரிகைக் கரை போட்ட சால்வையைப் போர்த்தினார்கள்.

ஒரே ஆறு. இரண்டு பிள்ளைகளும் அதன் பெயரைத்தான் சொன்னோம். போட்டோ எடுக்க வந்தவர், அட்டை படத்தில் விழாமலிருக்க என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அந்த ஆளின் முகம்கூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் மாமா இல்லாமல் அம்மாவையும் என்னையும் மட்டும் பிரின்சிபால் அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுச் சீட்டுப் பிடித்த ஆளை எழுப்பி நிற்கவைத்தவள் என் அம்மா. இன்றைக்கு இந்த அறையே இரண்டாகப் போகிறது என்று காத்திருந்தேன்.

"வீட்ல நீங்க என்ன லாங்வேஜ் பேசறீங்க?" என்று கேட்டார் பிரின்சிபால். "ஸ்டேஜ்ல நின்னு 'ஊடு'ங்கறா. கெஸ்ட் முன்னாடி எங்களுக்கு எவ்வளவு அசிங்கம். பேரன்ட்ஸ் நீங்க இப்படிப் பேசினா இவ ஃபியூச்சர் என்ன ஆகும்?"

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள். "இனிமேப் பாத்துக்கறனுங் மேடம்," என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து நான் அழுதுகொண்டே வந்தேன். பிரின்சிபால் மேல் இருந்ததைவிட அம்மா மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக இருந்தது.

வீட்டில் மாமா மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். வந்த ஆத்திரத்தை அவளிடம் கொட்டினேன். "உன்ற பாஷைக்குச் சால்வை, என்ற பாஷைக்கு அட்டையா?"

"அது என்ற பாஷை இல்ல," என்றாள். "எனக்கும் ஸ்கூல்ல சொல்லிக்குடுத்ததுதான்." பிறகு அவளே, "எங்க டீச்சர் மாவோரிக்காரங்க. அவங்கப்பா சின்னப் பையனா இருக்கறப்ப ஸ்கூல்ல மாவோரி பேசுனா பெரம்பால அடிப்பாங்களாம். அதனால அவர் ஊட்டுல பிள்ளைங்களுக்குச் சொல்லியே குடுக்கலயாம். டீச்சர் பெரிசானதுக்கப்புறம் கிளாசுக்குப் போய்த்தான் கத்துக்கிட்டாங்களாம்," என்றாள்.

எனக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது. சால்வையும் அவளுக்கே, இப்போது அடி வாங்கிய கதையும் அவளுக்கேயா? எனக்கென்று ஓர் அட்டை கிடைத்தால் அவள் அதற்கு மேலே ஒரு பிரம்பைக் கொண்டுவந்து வைக்கிறாளே என்று நினைத்தேன். அவள் விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தை இனிமே உனக்குப் பேரெல்லாம் சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டாள்.

"ஏன் தர மாட்டாங்க? எங்கம்மா என்ன ஊமையா?" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த வாரக் கடைசியில் அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு நானும் அம்மாவும் மட்டும் பஸ்ஸில் உடுமலைப்பேட்டைக்குப் போனோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு குளத்து மேட்டில், வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஒரு குருவி ஓடியது. பெயர் என்னம்மா என்று கேட்டேன். அம்மா அதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். முன்சீட்டில் என் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

"பேர்டு கண்ணு," என்றாள். "ஸ்மால் பேர்டு."

என் அம்மாவுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது என்று மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். இங்கிலீஷில்தான் சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.